இல்லாதவர் கணக்கில் பிடித்த பணம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் வங்கி அபராதம் பிடிக்கிறது. கையில் காசு இல்லாத மாதத்தில்தான் இருப்பு குறையும். அந்த மாதத்தில்தான் அபராதமும் வரும். மாதம் தவறாமல் நல்ல சம்பளம் ஏறுகிறவருக்கு இப்படி ஒரு கட்டணம் இருப்பதே தெரியாது. வேலை போனவர், வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், மழையில் தொழில் படுத்தவர், இவர்கள் பாஸ்புக்கில்தான் அந்த வரி அச்சாகிறது. அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்குவது பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இதன் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையில் மத்திய நிதித்துறை இணை அமைச்சர் பங்கஜ் சௌத்ரி நாடாளுமன்றத்தில் கொடுத்த பதிலின்படி, 2019-20 தொடங்கி ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இந்த ஒரு காரணத்துக்காகப் பிடித்தது சுமார் 8,500 கோடி ரூபாய். தனியார் வங்கிகள் பிடித்தது இதில் சேராது. அதற்கு முன்பு 2017 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கி இந்த அபராதத்தை மீண்டும் கொண்டுவந்தபோது, எட்டே மாதத்தில் 1,771 கோடி வசூலானது. அதே ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையான காலாண்டில் அந்த வங்கி ஈட்டிய லாபத்தைவிட அது அதிகம். கண்டனம் எழுந்தது. 2018 ஏப்ரலில் கட்டணத்தைக் குறைத்தார்கள், 2020 மார்ச்சில் அறவே விட்டுவிட்டார்கள். 2025-ல் கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியன் வங்கி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. இந்த அபராதம் இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. இப்போது இல்லாமலேயே நடக்கிறது. தனியார் வங்கிகளில் பெரும்பாலானவை இன்னும் வாங்குகின்றன.

நம் ஊர் நிகழ்ச்சி ஒன்றும் உங்களுக்கு நினைவிருக்கும். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் ஆயிரம் ரூபாய் ஏறியது. ஏறிய வேகத்திலேயே சில கணக்குகளில் பழைய அபராத பாக்கிக்கென்று வங்கிகள் அதைப் பிடித்துக்கொண்டன. எத்தனையோ மாதமாகப் பூஜ்யத்தில் கிடந்த கணக்குகள் அவை. அரசு கொடுத்த பணம் வீட்டுக்குப் போகாமல் வங்கியின் கட்டணக் கணக்குக்குப் போனது. உரிமைத் தொகையில் கை வைக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வெளிப்படையாகவே எச்சரித்தார். 1100 என்ற எண்ணில் புகார் சொல்லும்படி அரசு கேட்டுக்கொண்டது. ஒரு மாநில அரசு தலையிட்ட பிறகுதான் ஆயிரம் ரூபாயைக் காப்பாற்ற முடிகிறது என்றால், தனியாளாகப் போய் நிற்கிற ஒரு பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கவுன்ட்டரின் அந்தப் பக்கத்திலிருந்து இதை நிறையப் பார்த்திருக்கிறேன். "சார், இது எதுக்குப் பிடிச்சிருக்கு?" என்று ஒருவர் பாஸ்புக்கை நீட்டுவார். "சிஸ்டம் தானா பிடிச்சிடுதும்மா, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று பதில் வரும். வந்தவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. பிடிப்பது சிஸ்டம்தான். பிடித்ததைத் திருப்பி வரவு வைக்கும் அதிகாரம் மனிதர்களிடம் இருக்கிறது. கிளை மேலாளருக்கு ஓரளவு, அவருக்கு மேலே மண்டல அலுவலகத்துக்கு இன்னும் கூடுதலாக. 'சார்ஜ் ரிவர்சல்' என்பது வங்கிகளில் அன்றாடம் நடக்கும் வேலை. பெரிய வைப்பு வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒரு போன் போட்டால் அன்று மாலைக்குள் அவர் கணக்கில் பணம் திரும்பிவிடும். இல்லாதவர் கேட்பதில்லை. கேட்டால் தன் இல்லாமை ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தை விடுங்கள் என்று சொல்லத்தான் முக்கியமாக இங்கே வந்தேன்.

இனி விதிகளுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கேட்கிறவரின் பலம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

2014 நவம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம், ஏதாவது ஒன்று. தெரிவித்த நாளிலிருந்து ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அதற்குள் இருப்பைச் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம். அதுவும் எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கேற்ற விழுக்காட்டில்தான் இருக்க வேண்டும். நூறு ரூபாய் குறைந்தவருக்கும் மூவாயிரம் குறைந்தவருக்கும் ஒரே தொகை போடக் கூடாது. சேவைக்கு ஆகும் செலவோடு பொருந்தாத கட்டணமும் கூடாது. கடைசியாக ஒன்று: இந்த அபராதத்தின் காரணமாக மட்டும் சேமிப்புக் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸில் போகவே கூடாது.

இந்தக் கடைசி விதியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கணக்கில் மைனஸ் காட்டுகிறது, அதை அடைத்தால்தான் கணக்கை மூட முடியும் என்று சொன்னதைக் கேட்டு, கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். வேலை மாறிய பிறகு பழைய சம்பளக் கணக்கு சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறி, அபராதம் ஏறிக்கொண்டே போனவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டு இயங்காத கணக்கில் குறைந்தபட்ச இருப்புக்காக அபராதம் போடக் கூடாது என்று 2014 மே மாதமே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. இப்படிப் பிடித்திருந்தால் அது வங்கி தரும் சலுகையாகத் திரும்பி வர வேண்டியதில்லை. எடுக்கவே கூடாத பணம் அது.

குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று 2012 முதல் எல்லா வங்கியிலும் உண்டு. தனியார் வங்கியும் தர மறுக்கக் கூடாது. ஏழைகளுக்கு மட்டுமான கணக்கும் அல்ல, யார் கேட்டாலும் தர வேண்டும். ஏடிஎம் அட்டை இலவசம், மாதம் குறைந்தது நான்கு முறை கட்டணமின்றி எடுக்கலாம். ஏற்கெனவே இருக்கும் கணக்கையும் எழுதிக் கொடுத்து இப்படி மாற்றிக்கொள்ளலாம். ஒரே வங்கியில் இதோடு வேறொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். வருமானம் நின்று போன குடும்பம் முதல் வேலையாக இதைச் செய்துவிட வேண்டும். பிடித்த பணத்தைக் கேட்கும் மனுவிலேயே கணக்கை மாற்றும் கோரிக்கையையும் எழுதிவிடலாம்.

எப்படி எழுதுவது? பாஸ்புக்கைப் பதிவு செய்துகொள்ளுங்கள், அல்லது ஓராண்டுக் கணக்கு விவரம் வாங்குங்கள். கட்டணமாகப் பிடித்த ஒவ்வொரு வரியையும் கோடிடுங்கள். சுருக்கெழுத்து புரியவில்லையென்றால் கவுன்ட்டரில் கேளுங்கள், சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. நீங்கள் கையெழுத்துப் போடாத காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், 20 ரூபாய் என்று பிடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அவை பிரதமர் பெயரில் உள்ள ஆயுள், விபத்துக் காப்பீட்டுத் திட்டங்களின் பிரீமியம். நல்ல திட்டங்கள்தான், ஆனால் உங்கள் சம்மதம் வேண்டும். பிறகு தேதி, தொகை இரண்டையும் எழுதி, கிளை மேலாளர் பெயருக்குத் தமிழிலேயே மனு கொடுங்கள். மனுவில் மூன்று கேள்வி போதும். இருப்பு குறைந்ததை எந்தத் தேதியில், எந்த வழியில் எனக்குத் தெரிவித்தீர்கள்? ஒரு மாத அவகாசம் எந்தத் தேதியில் முடிந்தது? பிடித்த தொகையை எந்த விழுக்காட்டில் கணக்கிட்டீர்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில் பணம் பெரும்பாலும் அங்கேயே திரும்பிவிடும். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நெருக்கடியையும் எழுதுங்கள். வேலை நீக்கக் கடிதம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, எது இருந்தாலும் நகல் வையுங்கள். ஆனால் நெருக்கடியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தால் இது எளிதாகிவிட்டது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை, இணையத்திலும் அனுப்பலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் தமிழில் விசாரிக்கலாம். ஆனால் வங்கியின் வணிக முடிவுகளில் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார். "நான் கஷ்டத்தில் இருக்கிறேன், தள்ளுபடி செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், தள்ளுபடி தருவதும் தராததும் வங்கியின் முடிவு என்று புகார் அங்கேயே முடிந்துவிடும். "அறிவிக்காமல் பிடித்தார்கள், ஒரு மாதம் தரவில்லை, கணக்கை மைனஸில் தள்ளினார்கள்" என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு. விசாரித்தே ஆக வேண்டும். ஒரே துயரம்தான், எழுதும் முறையில் ஒன்று நிற்கிறது, ஒன்று விழுகிறது. நியாயமா என்றால் இல்லை. ஆனாலும் இன்றைய நிலை இதுதான், தெரிந்துகொண்டு எழுதுவோம்.

முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுக்காமல் நேரே குறைதீர்ப்பாளரிடம் போனால் ஏற்க மாட்டார்கள். புகார் கொடுக்கும் கால வரம்பு திட்டத்துக்குத் திட்டம் மாறக்கூடியது, ஆகவே முப்பது நாள் முடிந்த கையோடு அனுப்பிவிடுங்கள். பணத்தை வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடு என்று வருகிறவர்களை நம்ப வேண்டாம். போனில் வரும் ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அடுத்தது, கடன் தவணைக்குப் பணம் குறைந்தால் பிடிக்கும் தவணைக் கட்டணம். குடும்பங்களை உண்மையில் முறிப்பது இதுதான். மாதம் 5-ம் தேதி 3,500 ரூபாய் தவணை, கணக்கில் இருப்பது 3,200 என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு ரூபாய் குறைகிறது. தானியங்கிப் பற்று திரும்பிவிட்டது என்று வங்கி 500 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி. 90 ரூபாயும் பிடிக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் தன் பங்குக்கு 'பவுன்ஸ் சார்ஜ்' 500 போடுகிறது. முந்நூறு இல்லாதவர் இப்போது 1,090 ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும். இரண்டு நாள் கழித்து நிறுவனம் அதே தவணையை மறுபடி வங்கிக்கு அனுப்பினால் மறுபடி அதே கட்டணம். சம்பளம் ஏறியதும் வங்கி முதலில் தன் கட்டணத்தைப் பிடிப்பதால், அடுத்த மாதத் தவணைக்கும் பணம் குறைகிறது. மணலில் சிக்கிய வண்டிச் சக்கரம் சுழலச் சுழலப் புதைவதைப் போல, கட்டக் கட்டப் பாக்கி கூடுகிறது.

உண்மையைச் சொல்ல வேண்டும்: இந்தக் கட்டணத்தில் பெரும் பகுதி நாம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருப்பது. அபராதத்தைக் கேட்பதுபோல் உரிமையாகக் கேட்க முடியாது, வேண்டுகோளாகத்தான் வைக்க முடியும். ஆனால் ஒரே தவணைக்குப் பலமுறை பிடித்ததையும், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகப் பிடித்ததையும் கேட்கலாம், கேட்க வேண்டும். தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்குப் பின்னால் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். தவணை தவறிய பிறகு கேட்பதைவிட, தவறும் என்று தெரிந்த அன்றே கேட்டால் இணங்குவார்கள்.

தாமதத்துக்கான அபராதத்தில் 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு பெரிய மாற்றம் செய்தது. முன்பெல்லாம் அபராத வட்டி என்று கூடுதல் வட்டி போட்டு, அதை அசலோடு சேர்த்து, அதன்மேலும் வட்டி போடுவார்கள். 2024 ஏப்ரல் முதல் அது கூடாது. அபராதம் தனிக் கட்டணமாக நிற்க வேண்டும், அதன்மேல் வட்டி ஏறக் கூடாது. கடன் அட்டைக்கு இது பொருந்தாது. கடன் விதியை மீறியதற்கான இந்த அபராதத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று 2025 ஜனவரியில் மத்திய அரசும் தெளிவாக்கிவிட்டது. உங்கள் கடன் கணக்கு விவரத்தை எடுத்து இந்த இரண்டையும் பாருங்கள். நகைக் கடன், வண்டிக் கடன், வீட்டுக் கடன் எதுவானாலும் பாருங்கள்.

கேட்காமலேயே பணம் திரும்பி வந்த ஒரு காலமும் உண்டு. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, பெருந்தொற்றுக் காலத்தில், தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. கட்டாத வட்டிக்கும் வட்டி ஏறியது. ஆக்ராவைச் சேர்ந்த, மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வேறுபாட்டைத் தானே ஏற்பதாக மத்திய அரசு அறிவித்தது. நவம்பர் 5-க்குள் வரவு வைக்க வேண்டும் என்றது. விண்ணப்பம் இல்லை, வரிசை இல்லை. 2021 மார்ச் 23 அன்று, அந்த ஆறு மாதத்துக்கு எவரிடமும் வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது, வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும் அல்லது கணக்கில் நேர்செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏப்ரல் 7-ல் ரிசர்வ் வங்கி அதற்கான உத்தரவைப் பிறப்பித்தது. பலர் கணக்கில் வந்தது சில நூறு ரூபாய்தான். ஆனாலும் நாட்டிலுள்ள வங்கிகள் எல்லாம் பழைய கணக்கைத் திரும்பப் போட்டு, யாருக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்து, தாமாகவே கொடுக்க முடியும் என்பது அன்று நிரூபணமாயிற்று. பிடிக்கத் தெரிந்த சிஸ்டத்துக்குத் திருப்பித் தரவும் தெரியும்.

ஜன்தன் கணக்குகளில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதம் நான்கு முறைக்கு மேல் எடுத்தால், ரூபே அட்டையாலோ யுபிஐ வழியாகவோ செலுத்தினாலும்கூட, ஒவ்வொன்றுக்கும் 17 ரூபாய் 70 காசு பாரத ஸ்டேட் வங்கி பிடித்து வந்ததை மும்பை ஐஐடி பேராசிரியர் ஆஷிஷ் தாஸின் ஆய்வு வெளிக்கொண்டுவந்தது. இருபது ரூபாய்க்குப் பால் வாங்கியவரும் அந்தக் கட்டணத்தைக் கொடுத்திருப்பார். 2020 ஆகஸ்ட் 30 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம், அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் இவ்வாறு வாங்கியதைத் திருப்பித் தரச் சொன்னது. சுமார் 90 கோடி ரூபாய் திரும்பியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பிடித்த ஏறத்தாழ 164 கோடி திரும்பவில்லை என்று அதே ஆய்வு சொன்னது. உத்தரவில் எழுதிய தேதிக்குப் பிந்தியது திரும்பியது, முந்தியது திரும்பவில்லை. பணத்தை இழந்தவர்கள் எந்தத் தேதியிலும் அதே ஏழைகள்தான்.

இங்கிலாந்திலும் இந்தப் போராட்டம் நடந்தது. கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாகப் பற்றானால் ஒவ்வொரு முறைக்கும் முப்பது பவுண்டுக்கு மேலேகூட வங்கிகள் பிடித்தன. 2005-க்குப் பிறகு மக்கள் அலையலையாகக் கடிதம் எழுதினார்கள், வழக்குப் போட்டார்கள், நிறையப் பேர் வாங்கியும் விட்டார்கள். பிறகு நியாய வணிக அலுவலகம் எட்டு வங்கி நிறுவனங்களை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், கீழ் நீதிமன்றங்களில் வென்று, 2009 நவம்பர் 25 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. கட்டணம் நியாயமான அளவுதானா என்று அந்த அலுவலகம் ஆராய முடியாது என்றது தீர்ப்பு. அதன் பிறகும் நெருக்கடியில் இருந்தவர்கள் வங்கியிடமும் அங்குள்ள நிதிக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். பின்னாளில் அந்நாட்டு நிதி ஒழுங்கு ஆணையம் கணக்கெடுத்தபோது, அனுமதியில்லாத மிகைப்பற்றுக்கான கட்டணத்தில் பாதிக்கு மேல் வெறும் ஒன்றரை விழுக்காட்டு வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது தெரிந்தது. 2020 ஏப்ரலில் அந்த நிலைக் கட்டணத்தையே ஆணையம் தடை செய்தது. வழக்கில் கிடைக்காதது கணக்கெடுப்பால் கிடைத்தது.

நம்மிடம் அப்படியொரு கணக்கெடுப்பு வேண்டும். எத்தனை கோடி பிடித்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் பதில் கிடைக்கிறது. யாரிடம் பிடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள், எத்தனை பேர் நூறு நாள் வேலைக் கூலி ஏறும் கணக்குக்காரர்கள் என்பதையும் வங்கி வாரியாக ரிசர்வ் வங்கி வெளியிட வேண்டும். அரசு உதவியாக ஏறும் தொகையில் எந்தக் கட்டணமும் பிடிக்கக் கூடாது என்று எழுத்தில் விதி வர வேண்டும். ஒரு மாநில அமைச்சர் எச்சரித்தால்தான் நடக்கும் என்பது போதாது. வேலை இழந்தவரும் நோயாளியும் ஓராண்டில் கட்டிய தவணைக் கட்டணத்தைத் திரும்பக் கேட்க, வணிக முடிவு என்று தட்டிக்கழிக்க முடியாத ஒரு வழி வேண்டும். விதியை மீறிப் பிடித்ததை வங்கி தானே கண்டுபிடித்து வட்டியோடு திருப்ப வேண்டும். 2020-ல் செய்ததுதானே.

அதுவரை ஒவ்வொருவராக எழுதிக் கேட்போம். ஞாயிறு காலையில் இந்த நூலக முன்கூடத்தில் நானும் இன்னும் சில ஓய்வு பெற்ற ஊழியர்களும் உட்கார்ந்திருப்போம். பாஸ்புக்கைக் கொண்டு வாருங்கள். வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பாஸ்புக், தெருமுனையில் துணி தேய்க்கும் ஐயாவின் பாஸ்புக், கிராமத்தில் இருக்கும் உங்கள் பெரியம்மாவின் பாஸ்புக், எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம்.